ஏர்சாஃப்ட் எம்4 280 எஃப்பிஎஸ்தான் வருது, எம்120 ஸ்பிரிங் போட்டா 400 தொடுமா?

தொடும், ஆனா தொடக்கூடாது. நீங்க இங்கிலாந்துல இருக்கீங்க, கையில இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எலெக்ட்ரிக் எம்4 (எம்4 ரைஃபிள் மாதிரியே இருக்கற விளையாட்டுத் துப்பாக்கி), 0.20 கிராம் பிபி, அதாவது அது சுடற சின்ன பிளாஸ்டிக் குண்டு, போட்டு அளந்தா 280 எஃப்பிஎஸ் (நொடிக்கு 280 அடி வேகம்) வருதுன்னு சொல்லியிருக்கீங்க. இதே நிலைமையில நானும் நேரா எம்120ங்கற பலமான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டேன், ஒரு கியர்பாக்ஸ் (ஸ்பிரிங், பிஸ்டன், கியர் எல்லாம் இருக்கற பெட்டி) போச்சு. அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

முதல்ல சட்டம். 2017ல வந்த திருத்தத்துப்படி ஆட்டோமேட்டிக்ல சுடக்கூடிய ஏர்சாஃப்ட்டுக்கு 1.3 ஜூல்தான் எல்லை, ஒவ்வொண்ணா மட்டும் சுடறதுக்கு 2.5 ஜூல். 1.3 ஜூல்னா 0.20 பிபில ஏறத்தாழ 374 எஃப்பிஎஸ். நீங்க கேக்கற 400ங்கறது 1.49 ஜூல் ஆயிடுது, அந்த நிமிஷமே அது ஏர்சாஃப்ட் இல்ல, சட்டத்தோட கண்ணுல நிஜத் துப்பாக்கி. அதுல போய் மாட்டிக்க வேண்டாம். ஆடற மைதானத்துலயும் (சைட்) பெரும்பாலும் 350தான் விடுவாங்க. ஞாயித்துக்கிழமை கேம்ல சின்னப் பசங்களும் வந்து ஆடறாங்க, பத்தடி தூரத்துல நின்னு அவங்க மேல படறதை நினைச்சுப் பாருங்க, அந்த 350 எனக்கு நியாயமாத்தான் படுது.

சரி, ஏன் 280? ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுது, பிஸ்டன் சிலிண்டர்ல இருக்கற காத்தை அழுத்துது, அந்தக் காத்து நாசில்ங்கற முனைக்குழாய் வழியா போய் பிபியைத் தள்ளுது, அவ்ளோதான் விஷயம். நடுவுல எங்க ஒழுகினாலும் எஃப்பிஎஸ் விழும். பழைய துப்பாக்கில முக்கால்வாசி கேஸ் இதுதான். நான் எம்120 போட்டப்போ எனக்கு 330தான் வந்துச்சு, காத்து ஒழுகறதை ஸ்பிரிங் பலத்தால மறைச்சிருக்கேன்னு அப்போ புரியல, சந்தோஷமா மூணு நாலு கேம் ஆடினேன், அப்புறம் ஒரு நாள் கர்ருன்னு சத்தம், பிஸ்டன் பல்லு மொத்தமா வழிச்சுட்டு வந்திருச்சு, கியர்பாக்ஸ் ஷெல்லோட முன்பக்கமும் விரிசல். எம்4ல இருக்கற வெர்ஷன் 2 கியர்பாக்ஸுக்கு அந்த முன்பக்கம்தான் பலவீனமான இடம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிஸ்டன் அங்கதான் வந்து மோதுது. வேற ஷெல், வேற பிஸ்டன் வாங்கி, இந்தத் தடவை சீல் எல்லாம் ஒழுங்கா பண்ணி, அதே ஸ்பிரிங்கை மாட்டினா 395! சைட்ல வேகம் அளக்கற க்ரோனோ கருவியை வெச்சுப் பாத்துட்டு உள்ள விடல, அன்னைக்கு ஆடாமலே திரும்பி வந்தேன். இப்ப பலம் குறைஞ்ச எம்100 ஸ்பிரிங்தான் இருக்கு, 335, 340ல நிக்குது.

அதனால உங்க வேலை சீல்ல ஆரம்பிக்கணும். சிலிண்டரை வெளிய எடுத்து, அதோட ஹெட் (முன்மூடி), நாசில், பிஸ்டன் எல்லாம் சேத்து வெச்சு, நாசில் வாயை விரலால அடைச்சுட்டு பிஸ்டனைத் தள்ளுங்க. சைக்கிள் பம்ப் வாயை அடைச்சா எப்படி முட்டி நிக்குமோ அப்படி நிக்கணும். மெதுவா உள்ள போச்சுன்னா ஒழுகுது. பிஸ்டன் ஹெட்ல இருக்கற ஓ-ரிங் சுருங்கியிருந்தா புதுசு போடுங்க, சிலிகான் கிரீஸ் லேசா தடவுங்க. சிலிண்டர் ஹெட் லூஸா இருந்தா குழாய் வேலைக்குச் சுத்தற டெஃப்ளான் டேப் ரெண்டு சுத்து போதும். அப்புறம் ஹாப்-அப் ரப்பர் (பேரலோட பின்பக்கம் பிபியைப் பிடிச்சுச் சுழல விடற ரப்பர்), இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, அதோட வாய் கிழிஞ்சிருந்தா மத்தது எல்லாம் சரியா இருந்தும் காத்து அங்க போயிடும்.

இவ்வளவும் பண்ணி 300 தாண்டலேன்னா எம்100 போடுங்க. கூடவே உலோகப் பல்லு வெச்ச பிஸ்டன் போட்டுடுங்க, கியர் ஷிம்மிங் (மெல்லிய வாஷர் வெச்சு கியர் இடைவெளியைச் சரி பண்றது) சரியா இருக்கான்னு பாருங்க, கியர் கையால சுத்தினா உரசாம சுத்தணும். 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி போடற ஐடியா இருந்தா மாஸ்ஃபெட் (மின்சாரத்தை டிரிகர் காண்டாக்ட் வழியா விடாம தான் தாங்கிக்கற ஸ்விட்ச்) இல்லாம போடாதீங்க, டிரிகர் காண்டாக்ட் கருகிடும். 6.03 மில்லிமீட்டர் டைட்போர் பேரல் (துளை குறுகின குழல்) பத்தி ரொம்ப பெருசா பேசுவாங்க, அதுல கிடைக்கறது கொஞ்சம்தான், இருக்கற பேரலை முதல்ல துணி விட்டு சுத்தமா துடைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு உண்மையிலேயே வேணுங்கறது தூரம்னு நினைக்கறேன். தூரத்தைக் குடுக்கறது ஹாப்-அப், அது பிபிக்குப் பின்சுழற்சி குடுத்து மேல தூக்கி நிறுத்துது. நல்ல ரப்பர், 0.28 பிபி, 340 எஃப்பிஎஸ் துப்பாக்கி, இது மூணும் சேந்தா மட்டமான ரப்பரோட 400 சுடறவனை விடத் தூரமா, நேரா போகும், காத்தடிச்சாலும் அவ்ளோ விலகாது.

கியர்பாக்ஸ் திறக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போடுங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, ஆன்டி ரிவர்சல் லாட்சை (கியர் பின்னாடி சுத்தாம பிடிக்கற கொக்கி) விடுவிச்சு ஸ்பிரிங் தளர்ந்த அப்புறம்தான் திருகைக் கழட்டணும், அப்பவும் ஸ்பிரிங் கைடை (ஸ்பிரிங்கைத் தாங்கற தண்டு) ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கங்க. திரும்ப மாட்டினதும் ஹாப்-அப்பை முழுசா ஆஃப் பண்ணிட்டு, 0.20ல பத்து ஷாட் செமில (ஒவ்வொண்ணா) சுட்டு அளந்து பாருங்க. 320 வந்துடுச்சுன்னா பழைய ஸ்பிரிங்கே போதும், மிச்ச காசுக்கு நல்ல 0.28 பிபி வாங்கிக்கங்க.