எண்ணுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதக் கட்டுரையில், ‘பெரும்பான்மை கை தூக்கிவிட்டது என்பதற்காக ஒரு காரியம் நியாயமாகிவிடாது’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். மொத்தம் 48 வீடுகள். கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். 41 பேர் ஆதரவு. ஓர் உரிமையாளர் மட்டும் ‘என் வீடு, என் உரிமை’ என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒருவருக்காக 41 பேர் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

நாட்டிலும் இதுதான் நடக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை சட்டம் போடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் தனிமனித உரிமை என்று சொல்லி அதை ரத்து செய்கிறார்கள். 1951ல், கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்துக்கொடுத்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னபோது இடஒதுக்கீட்டைக் காப்பாற்றியது நாடாளுமன்றப் பெரும்பான்மைதானே? நீங்கள் ஏன் பெரும்பான்மையைக் கண்டு பயப்படுகிறீர்கள்? ஜனநாயகம் என்றால் எண்ணிக்கைதானே?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சில வாரங்களாக இலங்கையில் நடந்த இரண்டு பழைய வழக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூங்கப் போகும்போதும் அவைதான் மனதில் ஓடுகின்றன. ஜனநாயகம் என்றால் எண்ணிக்கைதானே என்று நீங்கள் கேட்டதும், அந்த வழக்குகளின் நடுவில் வந்து நீங்கள் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

சங்கத்து விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சட்டப்படி அது நிற்குமா என்பது வக்கீல் பார்க்க வேண்டியது. ஆனால் அந்தத் தீர்மானத்தால் வீடு கிடைக்காமல் போகிற பையன்களில் ஒருவன்கூட அந்தப் பொதுக்குழுவில் இல்லை. அவனைக் கேட்காமல் அவனைப் பற்றி முடிவெடுத்துவிட்டு 41 என்ற எண்ணை என்னிடம் காட்டுகிறீர்கள். முதல் வேலைக்காக ஊரை விட்டு வந்தவன் அவன். உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான்? நீங்கள் நல்ல மனிதர் என்பது உங்கள் கடிதங்களைப் படிக்கிற எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள் 41 பேர் ஒன்றாக உட்கார்ந்து இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் 1951. அந்த அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் சொன்னதை நானும் ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது, நல்லதே நடந்தது. ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்றம் அல்ல அது. 1951 ஜூனில் இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். முதல் பொதுத்தேர்தல் அதற்குப் பிறகுதான் நடந்தது. வாதத்துக்கு எடுக்கும் உதாரணத்தைச் சரிபார்த்து எழுதுங்கள். இன்னொன்று, அந்தத் திருத்தத்தால் தோற்றவர்கள் யாரும் வாக்காளர் பட்டியலிலிருந்து அடிக்கப்படவில்லை. ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்துப் பேசினார்கள், இன்றுவரை வழக்குப் போடுகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இலங்கையில் 1931லேயே வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. இந்தியாவுக்கு அது கிடைக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன, ஆனாலும் பெரும் எண்ணிக்கையில் ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலிருந்து அவர்களுடைய ஆட்களே சபைக்குப் போனார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். மற்ற பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. 1948 பிப்ரவரியில் நாட்டுக்குச் சுதந்திரம். அதே வருஷம், இந்த மக்களும் ஓட்டுப் போட்டு உருவாக்கிய அதே சபை குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவரைப் பெற்றவரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1949ல் இன்னொரு சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் இத்தனை வருஷம் தொடர்ந்து குடியிருந்தேன் என்று நிரூபித்து மனுப் போடலாம். எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அதே 1949ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். 1952 தேர்தலில் மலையகத்துப் பட்டியல்களில் அந்தப் பெயர்கள் இல்லை. ஆனால் தொகுதிகள் அப்படியே இருந்தன! அவை மொத்த மக்கள் தொகையை வைத்துப் பிரித்தவை. தொகுதிக்கு இடம் வாங்கிக்கொடுக்க இந்த மக்களின் தலைகள் வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் அனுப்ப அவர்கள் கை வேண்டாம்.

இந்தச் சட்டங்கள் எல்லாமே பெரும்பான்மை ஓட்டில் நிறைவேறியவைதான், ஆர்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. கோத்தகிரியில் என்னோடு படித்த ஒருவனின் பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964 ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அதில் இந்தியப் பக்கம் விழுந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தார்கள். பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்குப் போவேன். பாட்டி சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத தேநீர், ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூடை கட்டிக் கட்டித் தழும்பேறிய நெற்றியைத் தடவிக்கொண்டே பேசுவார். டிரங்குப் பெட்டியில் பாஸ்போர்ட் இருந்தது. குடும்பமே வரிசையாக நின்று எடுத்த படம் ஒட்டியது. அதில் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியில் பாட்டி அதைவிடப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு பழைய மனுவின் நகல். 1951ல் போட்டதாம். அவருடைய அப்பா எங்கே பிறந்தார் என்பதற்கு அதில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் மட்டும் எழுதியிருந்தது. தோட்டத்து வருகைப் பதிவேட்டைத்தான் செக்ரோல் என்பார்கள். “செக்ரோல்ல எங்கப்பன் பேரு இருக்குன்னு சொன்னேன். அது சம்பளத்துக்குத்தான், பொறந்ததுக்கு இல்லைன்னுட்டாங்க” என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: “நான் ஓட்டுப் போட்டு ஒரு வருசம் முடியல தம்பி. நீ யாருன்னு கேட்டுட்டாங்க.”

அப்போது எனக்கு அது ஒரு பாட்டியின் புலம்பல். பின்னால் அரசியல் சட்டங்களைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. எண்ணி முடித்த பிறகு எது அதிகம் என்று பார்ப்பதை நாம் பெரும்பான்மை என்கிறோம். யாரையெல்லாம் எண்ணுவது என்பதை அதற்கு முன்னாலேயே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவையும் பெரும்பான்மையிடமே கொடுத்தால், அது தனக்கு வேண்டிய எண்ணிக்கையைத் தானே தயாரித்துக்கொள்ளும். இந்தப் பாட்டியை வெளியே நிறுத்திவிட்டு எண்ணினால் யாருக்குத்தான் பெரும்பான்மை வராது?

அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார் மீது மற்றவர்களுக்கு இல்லாத கஷ்டத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது. அதை நம்பித்தான் கோடாக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு, அப்போது இலங்கைக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வாக்காளர் பட்டியலில் தன் பெயர் வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். 1953ல் அவர் தோற்றார். சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, யார் குடிமக்கள் என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். இந்தியத் தமிழர் போய்வந்துகொண்டிருப்பவர்கள் என்பது அவர்கள் குடியுரிமைக்குத் தகுதியானவர்களா என்று பார்க்க உதவும் விஷயம், அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. மூன்று தலைமுறையாக அங்கேயே மண்ணைக் கொத்தியவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

அப்போது யாழ்ப்பாணத் தமிழர்களிலும் பலர், இது ‘தோட்டக்காட்டான்’ பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகம் அப்படி இருக்கவில்லை. தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956ல், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதுவும் பெரும்பான்மை ஓட்டில்தான். அங்கேதான் என் இரண்டாவது வழக்கு. கோடீஸ்வரன் என்று ஓர் அரசாங்க எழுத்தர். சிங்களத் தேர்வு எழுதவில்லை என்று 1962ல் அவருக்கு வர வேண்டிய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். ஒரு மனிதனின் இன்கிரிமென்ட். அவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 1964ல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு விரோதம், செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். 1967ல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசாங்கத்தின் மேல் வழக்கே போட முடியாது என்று சொல்லி மொழிக் கேள்விக்குள் போகாமல் விட்டது. 1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில், போட முடியும், திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 1972ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. வழக்கை வெல்லாமலே, வழக்கு நிற்கிற தரையைப் பெரும்பான்மை எடுத்துக்கொண்டது. அந்தப் புதிய அரசியல் சட்டத்தை உருவாக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ‘ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு’ என்று 1956ல் சபையில் எச்சரித்தவர் அவர்தான்.

நீதிபதிகளுக்கு அதிகாரம் கூடிவிட்டது என்கிறீர்கள். இந்தக் கதையில் அந்த மாவட்ட நீதிபதி ஒருவரைத் தவிர, மேலே இருந்தவர்கள் எல்லாம் சபைக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கினார்கள். உங்களுக்குப் பிடித்த மாதிரியேதான் நடந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த நாடு எப்படி ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை 1953ல் வேறு தீர்ப்பு வந்திருந்தாலும் சபை இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. ஏட்டில் ஒரு பிரிவு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் அது இருந்த வரை ஓர் எழுத்தர் அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. அது போன பிறகு அதுவும் முடியவில்லை.

நான் பெரும்பான்மைக்கு எதிரி இல்லை. இன்றைக்குத் தோற்றவன் நாளை நாலு பேரிடம் பேசி, அவர்கள் மனதை மாற்றி ஜெயிக்கலாம் என்றால், எண்ணிக்கையை நான் தலைமேல் வைத்துக்கொள்வேன். விலைவாசி, வரி, அணை, மதுக்கடை, எதுவானாலும் சரி. பிறப்பால் வருகிற எண்ணிக்கை அப்படிப்பட்டதில்லை. அங்கே சிறுபான்மைக்காரன் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அடுத்த தேர்தலிலும் சிறுபான்மைதான். அம்பேத்கர் 1945லேயே இதைத் தெளிவாகச் சொன்னார்: இந்தியாவில் பெரும்பான்மை பிறக்கிறது, உருவாக்கப்படுவதில்லை. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூட அனுமதிக்கப்படாமல் வளர்ந்தவர் அவர். நீங்கள் சொல்லும் எண்ணிக்கை இதில் எது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோற்பவன் தன் பேச்சை, ஓட்டை, இருப்பிடத்தை இழக்காத வரைதான் அந்த எண்ணிக்கையில் நேர்மை இருக்கிறது. இந்த மூன்றும் ஓட்டுக்கு விடக் கூடாதவை. நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இலங்கையிலேயே மிச்சமிருந்தவர்களுக்கு 2003ல் ஒரு சட்டத்தின் மூலம் குடியுரிமை கொடுத்தார்கள். 1948லிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். ஆனால் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1983க்குப் பிறகு அகதிகளாக இங்கே வந்த மலையகத் தமிழர்கள். உங்கள் திருச்சியிலேயே கொட்டப்பட்டு முகாம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டு, 2019ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் மனுவை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. இவர்களின் பாட்டன்மார் இதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள். பல பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். நீங்கள் ஜனநாயகம் என்று கொண்டாடுகிற தேர்தல் நாளில் குடியுரிமை இல்லாத அந்தக் குடும்பங்களுக்கு ஓட்டுக் கிடையாது. அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியும் அந்த நிலைமை மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். வயசானவர்கள் யாராவது இருந்தால், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேளுங்கள், முகம் மலரும். அவர்கள் வீட்டில் கடைசியாக ஓட்டுப் போட்டது யார், எந்த வருஷம் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.