‘ஏதோ டிஸ்க் மாற்றினாளாம்’

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் திருச்சி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அலுவலக வேலைக்கு நிறுவனமே லேப்டாப் கொடுத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று லேப்டாப் வாங்கியாகிவிட்டது. முதலாவது, நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அப்பா பி.எஃப். முன்பணம் எடுத்து வாங்கித் தந்தது. மூன்றே வருடத்தில் உபயோகிக்கவே முடியாத அளவுக்கு ஸ்லோ ஆகிவிட்டதால் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஏதோ டிஸ்க் மாற்றினாளாம், அதை வைத்தே பி.இ. முடித்துவிட்டாள். இரண்டாவது அலமாரியில் கிடக்கிறது. மூன்றாவதும் இப்போது சூடாகி, ஃபேன் சத்தம் தாங்க முடியவில்லை. ஏஐ சிப் உள்ள புதிய மாடல் 1,15,000 ரூபாய்க்கு, 18 மாத வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. மனைவி வீண் செலவு என்கிறாள். இவ்வளவு அடிக்கடி புதிய லேப்டாப்கள் வருவது நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையில் தேவைதானா, வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவோமா? நீங்கள் எழுதினால் மனைவி கேட்பாள்.

பதில்: தம்பி, வாங்கலாமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பேசியாக வேண்டும்: ‘அவள் ஏதோ டிஸ்க் மாற்றினாளாம், அதை வைத்தே பி.இ. முடித்துவிட்டாள்.’

உங்கள் கேள்விக்கான விடையும், உங்கள் மீது எனக்குள்ள வருத்தமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கின்றன. நேரில் காணாமல் பிறர் சொல்லிக் கேட்டதைத்தான் நாம் ‘ஆம்’ சேர்த்து முடிப்போம். பக்கத்து ஊரில் மழை பெய்ததாம், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்ததாம் என்கிறோமே, அப்படி. கூடப் பிறந்த தங்கை, நீங்கள் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, உள்ளிருந்த பாகத்தை மாற்றி, நான்கு வருடம் அதிலேயே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள். அந்தச் செய்தி உங்களிடம் எதிர்வீட்டுச் செய்தியைப் போலத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. என்ன டிஸ்க், என்ன விலை, அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ‘ஏதோ’ என்ற சொல்லுக்கு அங்கே இடமிருந்திருக்காது.

அவள் எதை மாற்றியிருப்பாள் என்று என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும். 2018 வாக்கில் நம் கடைகளில் நடுத்தர விலைக்கு விற்ற லேப்டாப்களில் பெரும்பாலானவை 1 டிபி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தன. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு தட்டு, அதன்மேல் முன்னும் பின்னும் அசையும் ஒரு சிறு கை, அவ்வளவுதான் அது. வேண்டிய தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே அந்தக் கை போய் நின்று, தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து மில்லி விநாடி ஆகும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இப்படித் தேடி எடுக்க வேண்டியிருப்பதால்தான், பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்து வரும் நேரம் ஆயிற்று. அதற்குப் பதிலாக அவள் போட்டது எஸ்எஸ்டி என்ற மின்னணுச் சேமிப்பகமாக இருக்கும்; அதில் சுழலும் பாகமே இல்லை. அது அதே தகவலை ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய இடத்திலேயே அதைப் பொருத்தலாம். கணக்குப் போடும் சிப்பான புராசஸர் அதேதான், திரை அதேதான், அப்பா வாங்கித் தந்தபோது இருந்த விசைப்பலகையும் அதேதான். ‘உபயோகிக்கவே முடியாது’ என்று நீங்கள் தீர்ப்பெழுதிய பொருளில் உண்மையில் மாற வேண்டியிருந்தது ஒரே ஒரு பாகம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். தங்கை அந்த லேப்டாப்பில் படித்த நான்கு ஆண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முதலாண்டில் இருந்தபோது, 2022 ஜனவரியில், இன்டெல் நிறுவனத்தின் லேப்டாப் சிப்களில் பன்னிரண்டாம் தலைமுறை வந்தது. இரண்டாம் ஆண்டில், 2023 ஜனவரியில், பதின்மூன்றாம் தலைமுறை வந்தது. மூன்றாம் ஆண்டில், அதே 2023இன் டிசம்பரில், தலைமுறைக் கணக்கையே விட்டுவிட்டுக் ‘கோர் அல்ட்ரா’ என்று பெயர் மாற்றினார்கள். அவள் கடைசி ஆண்டுக்குள் நுழைந்தபோது, 2024 செப்டம்பரில், அந்தக் கோர் அல்ட்ராவின் இரண்டாம் வரிசையும் வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில் நான்கு வெளியீடுகள்; அவற்றில் ஒன்றுகூட இல்லாமல் அவள் பொறியாளராகிவிட்டாள். உங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்த ஒன்றுக்கு என்னிடம் விடை கேட்டிருக்கிறீர்கள்.

ஆண்டுதோறும் வெளியிடுகிறார்களே என்று நான் நிறுவனங்களைக் குறை சொல்லப் போவதில்லை. ஜனவரிதோறும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடக்கும் மின்னணுப் பொருள் கண்காட்சியில் கடை விரிப்பதும், புதிய எண்ணை ஒட்டி அலமாரியை நிரப்புவதும் அவர்கள் பிழைப்பு. அதனால் பயனடைகிறவர்களும் உண்டு: இந்த ஆண்டு லேப்டாப் செத்துப்போனவர், இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளை. அவர்கள் கடைக்குப் போகும் நாளில் நல்ல சரக்கு இருக்க வேண்டும் அல்லவா? அந்த வெளியீடுகள் அவர்களுக்குரியவை. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏங்குகிறவருக்கு அவற்றால் ஆவது எதுவும் இல்லை.

உண்மையான தாவல்கள் வருவதே அரிது. 2017 ஆகஸ்டில் இன்டெலின் எட்டாம் தலைமுறை வந்தபோது, மெல்லிய லேப்டாப்களுக்கான ஐ5 சிப்பில் இரண்டாக இருந்த கோர்கள், அதாவது கணக்குப் போடும் அலகுகள், நான்காயின, அது தாவல். ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது தாவல். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப் வந்து, ஃபேனே இல்லாத மேக்புக் ஏர் ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் இல்லாமல் ஓடியதும் தாவல்தான். அந்த எம்1 மேக்புக்கை அமெரிக்காவின் வால்மார்ட் 2024 மார்ச்சில் புதிதாகத் தன் கடைகளில் விற்கத் தொடங்கியது. அதற்குள் எம்2, எம்3 இரண்டும் வந்துவிட்டிருந்தன, ஆனாலும் மூன்றரை ஆண்டுப் பழைய சிப் போதும் என்று நம்பி வாங்க ஆளிருந்தது. மற்றபடி, எண் கூடுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் சில நேரம் தொடர்பே இருப்பதில்லை. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ரைசன் 7020 சிப் வரிசை, பெயரில் ஏழாயிரத்தைத் தாங்கியிருந்தாலும், உள்ளே இருந்தது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. பெட்டியின் மேலிருக்கும் எண்ணை மட்டும் படித்து வாங்கியவர்கள் புதியது என்று நம்பித்தான் வாங்கினார்கள்.

ஏஐ சிப்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ்’ லேப்டாப்களை அறிவித்தபோது, விநாடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகளாவது போடக்கூடிய தனிப் பகுதி சிப்பில் இருக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. அது வீடியோ அழைப்பில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும், பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்க்கும், இன்னும் சில வேலைகளைச் செய்யும். ஆனால் நீங்கள் சாட்ஜிபிடியிடம் ஒரு கேள்வி கேட்டால், அதற்கான கணக்கு உங்கள் லேப்டாப்பில் நடப்பதே இல்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் நடந்து விடை மட்டும் உங்கள் திரைக்கு வருகிறது. தங்கையிடம் இருக்கும் 2018ஆம் ஆண்டு லேப்டாப்பிலும் அதே விடைதான் வரும். அலுவலக வேலையை அலுவலக லேப்டாப்பில் முடித்துவிட்டு, வீட்டில் படமும் வங்கிக் கணக்கும் பார்க்கிற நீங்கள் எந்த ஓட்டத்தில் பின்தங்கிவிடுவீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதே என்று அடுத்த காரணம் தேடாதீர்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து எல்லாம் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை. 2023இல் வாங்கியதற்கு அந்தக் கவலையே கிடையாது. எட்டாம் தலைமுறைக்கும் முந்தைய லேப்டாப் வைத்திருந்து, நன்றாக ஓடுகிற ஒன்றைக் கைவிடும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்களின் குறை நியாயமானது. அவர்கள் எழுதட்டும், அவர்களுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஃபேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு லேப்டாப் இதே போல இரைந்தபோது, சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் பத்துத் திருகாணிகளைக் கழற்றி, ஒரு மூடியில் அவற்றை வரிசை மாறாமல் வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் செருகி அடிப்பலகையைப் பிரித்தான். ஃபேனுக்கும் செப்புக் குழாயின் முனையிலுள்ள தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது அது முழுசாகவே வந்தது. எல்லாம் தூசி, தலைமுடி, போர்வை நூல். சிப்பின் மேல் தடவியிருந்த பசை, வெற்றிலையில் காய்ந்த சுண்ணாம்பைப் போல வெடித்திருந்தது. துடைத்து, புதுப் பசை தடவி, மூடிக் கொடுத்தான். காற்று போக வழியில்லாமல் சிப் சூடேறினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழசாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல வீடுகளில் இதைத்தான். உங்கள் லேப்டாப்பை வாங்கிய நாளிலிருந்து ஒரு முறையாவது திறந்திருக்கிறீர்களா?

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. பூஜ்ய சதவீத வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியைத் தள்ளுபடியாகவோ கட்டணமாகவோ வேறிடத்தில் கணக்கெழுதியிருப்பார்கள், அதற்கு ஜிஎஸ்டியும் சேரும்.

இவையெல்லாம் லேப்டாப் கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உங்கள் வீட்டில் தீர்க்கப்படாமல் இருக்கிறது. 2021இல் பொறியியல் படிக்கப் போகிற தங்கைக்கு, சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட அண்ணன் செய்தது என்ன? தனக்குப் புதியதை வாங்கிக்கொண்டு, உபயோகிக்கவே முடியாது என்று தானே சொன்ன பொருளை அவள் கையில் கொடுத்தான். உங்களுக்குப் படம் பார்க்க ஆகாத லேப்டாப் அவளுக்குப் புராஜெக்ட் செய்ய ஆகும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? கழித்துப் போட்டதைக் கைமாற்றுவதைக் கொடுத்தல் என்று நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். மூத்த பிள்ளை என்பவன் இளையவர்களுக்கு முதலில் பார்த்துவிட்டுத் தனக்குப் பார்க்க வேண்டியவன். இதைப் பழங்கால எண்ணம் என்று பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், நான் அப்படித்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். பி.எஃப். என்பது அப்பா தன் முதுமைக்கென்று சேர்த்து வைத்த பணம். அதை உடைத்து அவர் வாங்கிய பொருளை நீங்கள் மூன்று வருடத்தில் விட்டுவிட்டீர்கள். தங்கைதான் அதை எடுத்துத் துடைத்து, அப்பாவின் பணம் வீணாகாமல் காப்பாற்றியிருக்கிறாள். அந்த வீட்டில் பிள்ளையின் கடமையைச் செய்தவள் அவள்.

மனைவியிடம் சொல்ல என்னைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அவர் சொல்வது சரி.

புதியது வாங்க நியாயமான காரணங்கள் உண்டு. வீடியோ எடிட்டிங்கோ முப்பரிமாண வடிவமைப்போ தொழிலாகச் செய்தால், 8 ஜிபி ரேம் பலகையோடு ஒட்டியே வந்து அதைக் கூட்ட வழியில்லாமல் வேலை தடைப்பட்டால், உதிரிப் பாகமே கிடைக்காத அளவுக்கு உடைந்திருந்தால் வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே வாங்காதீர்கள்.

அடுத்த விடுமுறைக்குத் திருச்சிக்குப் போகும்போது மூன்றாவது லேப்டாப்பையும், அலமாரியில் கிடக்கும் இரண்டாவதையும் எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடாமல், முதலில் ஒரு கடையில் கழற்றச் சொல்லுங்கள். பிறகு தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, திருகாணியை நீங்கள் கழற்றுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவள் சொல்லட்டும். இரண்டாவது ஓடத் தொடங்கினால் அது அப்பா அம்மாவின் வீடியோ அழைப்புக்கு அங்கேயே இருக்கட்டும். தவணைக்கென்று ஒதுக்கிய முதல் மாதப் பணத்தை அவளிடம் கொடுங்கள். டிஸ்க்குக்கு ஆன செலவைவிட அது கூடுதலாகவே இருக்கும், மிச்சத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

ஆனால் விடுமுறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு இரவே அவளுக்குப் போன் செய்யுங்கள். என்ன டிஸ்க் மாற்றினாள், எவ்வளவு ஆயிற்று, முதலாண்டு மாணவிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் அவளிடமே கேட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ‘மாற்றினாளாம்’ என்று இருக்கக் கூடாது. ‘மாற்றினாள்’ என்று இருக்க வேண்டும்.