வீடு, மனை, பத்திரம்: மழைக்காலத்தில் வீட்டைக் காட்டலாமா?

கேள்வி: கடலூர் கூத்தப்பாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்க நினைக்கிறோம். அப்பா காலமாகிவிட்டார். அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறார், அண்ணன் துபாயில். "ஐப்பசி மழை விடட்டும், மார்கழியும் கழியட்டும். தை பிறந்ததும் வெள்ளையடித்துக் காட்டினால் நல்ல விலை வரும்" என்கிறார் தரகர். பின்கட்டு அறைச் சுவரில் கொஞ்சம் ஓதம் இருக்கிறது. காத்திருக்கலாமா ஐயா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. தரகர் சொல்வது பாதிதான் சரி. மார்கழியில் முன்பணம் கொடுக்கவோ பத்திரம் பண்ணவோ நம் பக்கத்தில் பலருக்கு மனசு வராது. பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான், அந்த மாதம் என் மேசை காற்று வாங்கும். ஆனால் தை பிறந்ததும் முன்பணத்தோடு வருகிறவர் அதற்கு முன்பே நாலு வீடு ஏறி இறங்கியிருப்பார். அந்த நாலில் உங்கள் வீடு இருக்க வேண்டாமா?

கடலூர்க்காரர் வீடு பார்க்க வந்தால் முதலில் வாசல்படியை எண்ணுவார். அப்புறம் மதில் சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். சமையலறையெல்லாம் பிறகுதான். 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததையும் பார்த்த ஊர் இது. மழை கொட்டும்போது உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கவில்லை என்றால் அதை அவர் கண்ணால் பார்க்கட்டும். தேங்கினால் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டில் எப்படியும் விசாரிப்பார்.

ஓதத்தின் மேல் வெள்ளையடிக்காதீர்கள். ஈரச் சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும். அதைவிட, வீட்டில் ஒரே ஒரு அறையில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மாடித் தளத்தில் விரிசலா, குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறுகிறதா என்பது மழையில்தான் தெரியும். கொத்தனாரை இப்போதே கூட்டிப்போய்க் காட்டி, செலவை எழுதி வாங்குங்கள். பூச்சு வேலை வெயில் வந்தபின் நடக்கட்டும். அந்தச் சீட்டு கையில் இல்லையென்றால் வாங்குபவர் ஒன்றுக்கு மூன்றாகக் கழிப்பார்.

மழை நாளில் காகித வேலையை முடியுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டுவது), பட்டா பெயர் மாற்றம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலக வேலை, அதை முதலில் ஆரம்பியுங்கள். அம்மா, அண்ணன், நீங்கள் என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் பொங்கலுக்கு வந்தால் சிக்கலே இல்லை. வர முடியாவிட்டால் தனக்குப் பதில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்துக்கு, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்த வேண்டும். வருமான வரிக் கணக்கில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அவர் பங்குப் பணத்தில் வாங்குபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விலை பேசும்முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

கேள்வி: லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் வேலை முடிந்து மாலையில்தான் வருகிறார்கள். வீடு இருட்டாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது, வீடு என்ன செய்யும்? ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். ஜன்னல் திரைச்சீலைகளைக் கழற்றிவிடுங்கள். மாலையில்தான் முடியும் என்பவருக்கு, பகலில் எடுத்த போட்டோவை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.