சின்னதாகப் போட்டால் மறுபடி இறுகாதா?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 43. புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்தபோதே 375 சிசி சிலிக்கன் இம்ப்ளாண்ட் (மார்பக உருவத்துக்காக உள்ளே வைக்கும் மெத்தென்ற ஜெல் பொருள்) வைத்து, பிறகு கதிர்ச் சிகிச்சையும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் அது கல் மாதிரி இறுகிவிட்டது. சுற்றியிருந்த உறையை வெட்டியெடுத்து, அதே அளவில் புதிது வைத்தார்கள். இப்போது அதுவும் இறுகி மேலே ஏறுகிறதாம். “பெரிய சைஸ் போட்டதால்தான் இப்படி என்கிறார்கள். 250 போட்டால் இனி வராதா டொக்டர்?” என்று கேட்கிறார்.

டீச்சர், சைஸைக் குறைப்பதால் மட்டும் இது நிற்காது. உங்களுக்கு இது இரண்டு முறை வந்ததற்கு முதல் காரணம் அந்த 375 அல்ல, கதிர்ச் சிகிச்சை. அதைக் கொடுத்தது தவறு என்று எண்ணிவிடாதீர்கள், அது உயிரைக் காக்கக் கொடுத்தது.

வெளிப்பொருள் எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்பு உறை கட்டும். எல்லோருக்கும் கட்டும். நல்ல உறை பலாக்கொட்டையின் மேல் தோலைப் போல மெல்லியதாக இருக்கும், கையில் பிடித்தால் விரல் தெரியும். இறுகிய உறையை நான் வெட்டியெடுக்கும்போது அது செருப்புத் தோல் மாதிரி தடித்து, வெளுத்து, கத்தரிக்கோலுக்கே மசியாது. அது சுருங்கும்போது உள்ளே இருக்கும் மெத்தென்ற ஜெல் பந்தாக நெருக்கப்படுகிறது. கையில் கல்லாகப்படுவது அதனால்தான். இந்த இறுக்கத்தை நாங்கள் பேக்கர் அளவுகோலில் 1 முதல் 4 வரை தரம் பிரிப்போம். உருவம் மாறினால் 3, வலியும் சேர்ந்தால் 4.

உறையைத் தடிக்க வைப்பவை சில உண்டு. இம்ப்ளாண்டின் மேல் படிந்து, காய்ச்சல்கூடக் காட்டாமல் வாழும் தோல் கிருமிகள் ஒன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் உள்ளே தேங்கும் இரத்தம் இன்னொன்று. கதிர் பட்ட தசையும் தோலும் இரத்த ஓட்டம் குறைந்து தாமாகவே நாராகிக்கொண்டிருப்பதால் அங்கே எல்லாமே மோசமாகும்.

அப்படியானால் சைஸுக்குப் பங்கே இல்லையா? பங்கு உண்டு, ஆனால் சுற்றுவழியில். ஆய்வுகள் இதில் ஒரே முடிவைச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் சிசி எண்ணைவிட, இம்ப்ளாண்டின் அடி அகலம் உங்கள் மார்பின் அகலத்துக்குள் அடங்குகிறதா என்பதே முக்கியம். அடங்காவிட்டால் கதிர் பட்ட தோல் இழுபட்டு மெலியும், தையல் ஆறாது. அப்புறம், பழைய இம்ப்ளாண்ட் இருந்த பெரிய பை போன்ற இடத்துக்குள் சின்னதை மட்டும் போட்டால் அது இடம் மாறும், சுற்றி நீர் சேரும். பையையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கதிர் பட்ட பக்கத்தில் இரண்டு முறை இறுகிய பிறகு மூன்றாவது இம்ப்ளாண்டை மட்டும் வைக்க நான் துணியமாட்டேன். ஒவ்வொரு முறையும் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் சொந்தத் திசுவைக் கொண்டுவரும் வழியைக் கேளுங்கள். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலும் கொழுப்பும் போதுமானால் இம்ப்ளாண்டே வேண்டாம். அது நீண்ட சத்திரசிகிச்சை, ஆனால் உறை இறுகும் பேச்சே இல்லை. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு வழி. அதன் கீழே பெரும்பாலும் சிறு இம்ப்ளாண்டும் வைக்க வேண்டிவரும். தோள் பலமும் கொஞ்சம் குறையும், கரும்பலகையில் எழுதும் கையானால் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிராவுக்குள் செயற்கை மார்பகம் வைத்துக்கொள்வதும் முழுமையான முடிவுதான். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்டைக் கொண்டுபோங்கள். இம்ப்ளாண்டின் பிராண்டும், மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதும் தெரிய வேண்டும். அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புள்ளதால் 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. திடீரென அந்தப் பக்கம் வீங்கினாலோ, புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்டியில் சத்திரசிகிச்சை செய்தால், நீர் வடியும் குழாயோடு கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் திரும்பாதீர்கள். குழாயை எடுக்கும்வரை அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் இருக்க முடியுமா பாருங்கள்.

பனி நாளில் அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சிலிக்கனுக்குள் இரத்தம் ஓடாது, அதனால் சூடேற நேரமெடுக்கும். அது நோயல்ல. ஆனால் சுடுதண்ணீர்ப் பையை அதன் மேல் வைக்கவே வேண்டாம். அங்கே தோலுக்கு உணர்ச்சி குறைவு, வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. கம்பளிச் சால்வை போதும்.