பேட்ஜில் இடம் போதவில்லை!

கேள்வி: சுற்றுச்சூழல் அமைப்பான 'கிரீன்பீஸ்' பெயரை ஏன் சேர்த்து எழுதுகிறார்கள்? திமிங்கிலத்தைக் காப்பாற்றத்தான் அந்த அமைப்பைத் தொடங்கினார்களா?
- வாசகி ஒருவர், தென்காசி

பதில்: திமிங்கிலம் பிறகு வந்தது. முதலில் அணுகுண்டுதான். அலாஸ்காவை ஒட்டிய அம்சிட்கா தீவில், பூமிக்கடியில் அமெரிக்கா குண்டு வெடித்துச் சோதித்தது. 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தால் வந்த சுனாமியைக் கனடாவின் மேற்குக் கரைக்காரர்கள் மறந்திருக்கவில்லை. குண்டு வெடித்து மறுபடியும் கடல் பொங்கினால்? வான்கூவரில் சிலர் கூடிக் குழு அமைத்தார்கள். குழுவின் பெயரே 'அலையைக் கிளப்பாதே'!

எனக்குப் பிடித்த கட்டம் 1970 பிப்ரவரியில் வருகிறது. காலைக் காப்பி நேரத்தில் குழுவைச் சேர்ந்த மேரி போலன், எதிர்ப்பைக் காட்டப் படகில் அந்தத் தீவுக்கே போய்விட்டால் என்ன என்று கணவர் ஜிம்மிடம் கேட்கிறார். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையிலிருந்து போன். படகில் போகப்போகிறோம் என்று ஜிம் சொல்லிவிட்டார். குழுவில் ஒருவரையும் கேட்கவில்லை! (நான் வீட்டில் கேட்காமல் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு வாரம் பட்டேன்.) செய்தி அச்சேறிவிட்டது. அப்புறம் என்ன செய்வது? கூட்டம் போட்டு ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது, எப்போதும்போல 'பீஸ்' (அமைதி) என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினார் குழுவின் இர்விங் ஸ்டோ. அதைக் 'கிரீன் பீஸ்', அதாவது பச்சை அமைதி ஆக்குங்கள் என்றார் பில் டார்னெல் என்ற இளைஞர். படகுக்கே அந்தப் பெயர் என்று முடிவாயிற்று. நிதி திரட்ட பேட்ஜ் வரைந்தவர் மேரியின் மகன். சட்டையில் குத்தும் சின்ன வட்டத்துக்குள் இரண்டு சொற்களும் இடைவெளி விட்டு அடங்கவில்லை. ஒட்டிவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

1971 செப்டம்பர் 15 அன்று ஒரு பழைய மீன்பிடிப் படகில் 12 பேர் கிளம்பினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். யோசனை சொன்ன மேரிக்கு அதில் இடமில்லை. தீவை எட்டுவதற்குள் அமெரிக்கக் கடலோரக் காவல் படை மறித்துவிட்டது. மறித்த கப்பலின் சிப்பாய்கள் சிலரே, நீங்கள் செய்வது நல்ல காரியம் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். ஆனாலும் நவம்பர் 6 அன்று குண்டு வெடித்தது. அதுதான் அந்தத் தீவில் கடைசி. 1972-இல் அமெரிக்கா அங்கே சோதனைகளைக் கைவிட்டது.

உங்கள் திமிங்கிலத்துக்கு வருகிறேன். 1975-இல் வேட்டைக் கப்பல்களைத் தேடிப் பசிபிக்கில் போனார்களே, அதற்கும் இதே பழைய படகுதான்.