படிவுப் பாறைக்குப் பெயரும் வயதும் எப்படி வைக்கிறார்கள், ஏன் மாற்றுகிறார்கள்?

கேள்வி: அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளை ஒரு புத்தகம் ‘திருச்சிராப்பள்ளி குரூப்’ என்கிறது, ஒரு கட்டுரை ‘கருடமங்கலம் ஃபார்மேஷன்’ என்கிறது. நின்னியூர்ப் பாறையை ஒருவர் கிரெட்டேஷியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) என்கிறார், இன்னொருவர் பேலியோசீன் (அதற்கு அடுத்த காலம்) என்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் எல்லோருமே சரி. பாறையின் பெயர் ஒரு கணக்கு, வயது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் பெயர். நிலவியலில் அடிப்படை அலகு ஃபார்மேஷன். கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் மேலே கீழே உள்ள பாறையிலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும், வரைபடத்தில் எல்லைக்கோடு போடும் அளவுக்குப் பரப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. வயது இதில் வரவே வராது. பாறை நன்றாக வெளியே தெரியும் ஓர் ஊரின் பெயரை வைத்து, எந்த ஓடையில், எந்தக் குவாரியில் பார்த்தோம் என்பதையும் எழுதிவைப்பார்கள். நாளைக்கு யார் வேண்டுமானாலும் அங்கே போய்ச் சரிபார்க்கலாம். பல ஃபார்மேஷன்கள் சேர்ந்தால் குரூப். ஒன்றுக்குள்ளேயே பிரித்தால் மெம்பர். காரை ஃபார்மேஷனுக்குள் ஒதியம், குன்னம் என்று மெம்பர்கள் இருப்பது அப்படித்தான். பெரம்பலூர்க்காரர்கள் ஊர்ப் பெயர்களைப் பார்த்து ஆச்சரியப்படலாம்: காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி எல்லாம் உலக ஆய்விதழ்களில் புழங்கும் பெயர்கள்.

ஒருமுறை முறையாகப் பதிவான பெயரை, ஊரின் பெயர் மாறியது என்பதற்காக மாற்றுவதில்லை. ஊர் திருச்சிராப்பள்ளி ஆகி எவ்வளவோ காலமாகியும் ஆங்கிலக் கட்டுரைகளில் பாறை இன்னும் ‘டிரிச்சினாபொலி’தான். இதைவிடச் சுவாரசியம் டால்மியாபுரம். அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்றே வைக்கச் சொல்லி 1953-ல் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தது எல்லோருக்கும் தெரியும். நிலவியல் நூல்களிலோ டால்மியாபுரம் ஃபார்மேஷன் இன்றுவரை அசையவில்லை. சில கட்டுரைகளில் மட்டும் கல்லக்குடி சுண்ணாம்புக்கல் தலைகாட்டும்.

இப்போது உங்கள் முதல் குழப்பம். 1840-களில் இங்கே சேகரித்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் (சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரினம்) லண்டனுக்கு அனுப்பி, எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-ல் விவரித்தார். அப்புறம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு நடந்து நடந்து வரைபடம் போட்டு, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அசாத்தியமான உழைப்பு, அந்த மூன்று பெயர்களைத் தாண்டி இன்றும் யாராலும் போக முடிவதில்லை. ஆனால் அவர் பிரித்தபோது பாறையின் தன்மை, அதிலுள்ள உயிரினம், இடையில் படிவு விட்டுப்போன இடைவெளி மூன்றையும் கலந்துதான் கோடு போட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. பின்னால் வந்தவர்கள் பாறை அலகு வேறு, கால அலகு வேறு என்று பிரித்து வைத்தார்கள். 1971-ல் இந்தியாவுக்கென்று வந்த பெயரிடும் விதித்தொகுப்பும் அதைத்தான் சொன்னது. அதன்பிறகு பழைய மூன்றையும் உடைத்து, பாறையை மட்டும் பார்த்து ஃபார்மேஷன்களாக அடுக்கினார்கள். நீங்கள் கேட்ட கருடமங்கலம் ஃபார்மேஷன் அப்படி வந்த பெயர். எதை எதனோடு சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு அட்டவணை. என் கருத்தைக் கேட்டால், இவற்றில் சில மாற்றங்கள் தேவையே இல்லாதவை. வரைபடத்தில் தனியாகக் காட்ட முடியாத ஒன்றுக்குப் புதுப் பெயர் வைப்பதால் மாணவர்களுக்கு மனப்பாடச் சுமைதான் மிச்சம்.

வயதுக்கு வருவோம். படிவுப் பாறையை யுரேனியம் வைத்து நேராக அளக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். மணற்கல்லில் சிர்க்கான் (யுரேனியம் அடங்கிய ஒரு தாது) துகள் கிடைக்கும், அளக்கலாம். ஆனால் வரும் வயது அந்தத் துகள் எந்தப் பழைய பாறையிலிருந்து அரித்து வந்ததோ அதனுடையது. மணற்கல் அதைவிட இளையது என்று மட்டும் சொல்லலாம். இடையில் எரிமலைச் சாம்பல் படலம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் புதைபடிவம்தான் கதி.

காரையில் மழையில் அரிபட்டுக் கிடக்கும் களிமண் மேடுகளில் ஜிப்சம் வெயிலில் பளபளக்கும், பெலம்னைட்டுகள் (கணவாய் போன்ற, அழிந்துபோன உயிரினத்தின் எச்சம்) பென்சில் துண்டு மாதிரி சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் இவற்றைவிட, ஒரு கைப்பிடி மண்ணுக்குள் இருப்பவை பல சமயம் அதிகம் பேசும். மண்ணை ஊறவைத்துக் கரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் அலசி, மிஞ்சியதைக் காயவைத்து நுண்ணோக்கியின் கீழ் பரப்பினால் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் தெரியும். மெல்லிய தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்க வேண்டும். கழுத்து வலிக்கும் வேலை. எந்த இனம் எங்கே முதலில் தோன்றுகிறது, எங்கே காணாமல் போகிறது என்று குறித்து, வயது ஏற்கெனவே தெரிந்த பிற நாட்டுப் பாறைகளோடு ஒப்பிடுவார்கள். புதிய இனம் ஒன்று கிடைத்தாலோ, பழைய அடையாளம் தவறென்று தெரிந்தாலோ வயது கொஞ்சம் மேலே கீழே போகும். ஃபார்மேஷனின் பெயர் அப்படியே இருக்கும்.

சில சமயம் இங்கே எதுவுமே நடக்காமலும் வயது மாறும். நின்னியூர் கதை அதுதான். அங்குள்ள உயிரினங்கள் டென்மார்க்கின் ‘டேனியன்’ அடுக்கோடு பொருந்தின. 1847-ல் டேனியன் என்று பெயர் வைத்தபோது அதைக் கிரெட்டேஷியஸின் உச்சியில் வைத்தார்கள். வெகுகாலம் சண்டை போட்டு, கடைசியில் அதைப் பேலியோசீனின் முதல் படியாக மாற்றினார்கள். கூடவே நின்னியூரும் எல்லையைத் தாண்டிவிட்டது. இப்போது அந்த எல்லை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கான அளவுகோல் இடம் துனிசியாவில் எல் கெஃப். ஆக, நீங்கள் சொன்ன இருவரும் ஒரே பாறையைத்தான் சொல்கிறார்கள், பழைய நாட்காட்டி ஒன்று, புதிய நாட்காட்டி ஒன்று.

இந்தப் பெயர்களால் என்ன பயன் என்பவர்களுக்கு 2020-ல் குன்னம் பக்கம் எழுந்த டைனோசர் முட்டைப் புரளியைச் சொல்லலாம். பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன, படம் வைரலானது. அது காரை ஃபார்மேஷன், கடலடிக் களிமண். அங்கே டைனோசர் கூடு கட்டியிருக்க வழியில்லை. அந்த உருண்டைகள் தாதுக்கள் திரண்டு கெட்டியானவை, சிலவற்றின் நடுவில் அம்மோனைட் இருக்கும்.

சாத்தனூர் கல்மரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்த, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரத்துக்கு 12 கோடி ஆண்டு வயது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மரத்தை யாரும் தனியாக அளக்கவில்லை. ஆற்றோடு கடலுக்கு வந்து அது புதைந்த இடம் திருச்சிராப்பள்ளி குரூப். அதிலுள்ள அம்மோனைட்டுகள் சொல்வது ஏறக்குறைய 9 கோடி. அடுத்த முறை 12 கோடி என்று எங்காவது பார்த்தால், எந்த ஃபார்மேஷன், எந்தப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.