பதுவை அந்தோணியாரைப் பார்க்க கார் எதற்கு?

“வெனிஸில் நான்கு நாள் தங்குகிறோம். பதுவை அந்தோணியார் கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. டிரைவரோடு கார் எடுக்காமல் முடியாது, 400 யூரோ ஆகும் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?” என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பொய், சகோதரி. முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வெனிஸின் சாலை, ஊர் வாசலில் பியாத்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் காரில் ஏறவே நீங்கள் படகு பிடித்து அங்கே வர வேண்டும். அதே படகு சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துக்கு எதிரிலும் நிற்கும். அங்கிருந்து பதுவா, வேகமான ரீஜனல் ரயிலில் (பக்கத்து ஊர்களுக்கிடையே ஓடும் சாதாரண ரயில்) அரை மணி நேரம்கூட இல்லை. டிக்கெட் ஆளுக்குச் சுமார் 5 யூரோ. அன்று காலை வாங்கினாலும் அதே விலைதான். “முன்பே புக் செய்தால் லாபம்” என்று அதிவேக ரயில் டிக்கெட்டைத் தலையில் கட்டுவார்கள். அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும்.

அதற்கு முன் உங்கள் ஹோட்டல் முகவரியைப் பாருங்கள். ‘வெனிஸ்’ என்று சொல்லி, கடலுக்கு இக்கரையில் உள்ள மெஸ்த்ரேயில் அறை போடுவது இந்த ஏஜென்ட்களின் பழைய வேலை. அப்படியானால் மெஸ்த்ரே நிலையத்திலேயே ஏறுங்கள், இன்னும் பக்கம்.

நிலையத்துப் பலகையில் ரயில் போய்ச் சேரும் கடைசி ஊரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். வெரோனா, பொலோனியா போகும் வண்டிகள் உங்களுக்கானவை. இடையில் நிற்கும் ஊர்களில் ‘பாதோவா’ இருக்கிறதா என்று பாருங்கள். பதுவாவுக்கு அங்கே அதுதான் பெயர்.

டிக்கெட் மெஷின் பக்கம் யாராவது வந்து “உதவட்டுமா?” என்றால் வேண்டாம் என்று சொல்லி நகருங்கள். பணம் கேட்பார்கள், இல்லையென்றால் பர்ஸ் போகும். ரயில்வே ஊழியர் அப்படித் தேடி வரமாட்டார்.

இனி, நான் வருகிறவர் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்வது. காகித ரீஜனல் டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டே கையில் இருந்தாலும் அபராதம். அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் இது வேண்டாம். அதில் வண்டியும் நேரமும் இருக்கையும் அச்சாகியிருக்கும், அந்த ஒரு வண்டிக்கே செல்லும். ரீஜனல் டிக்கெட்டில் அது இல்லாததால்தான் முத்திரை. மெஷின் பழுதா? தேதி, நேரம், நிலையத்தின் பெயரைப் பேனாவால் டிக்கெட்டில் எழுதிவிட்டு, ஏறியதும் நீங்களே கண்டக்டரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். போனில் எடுத்த டிக்கெட்டுக்கு, முத்திரைக்குப் பதிலாக செக்-இன் என்று தனியாக ஒன்று. ஊருக்குப் புதிதாக வரும் வயதானவர்களுக்கு இத்தனை கெடுபிடி வைத்துவிட்டு, எச்சரிக்கையை மட்டும் பொடி எழுத்தில் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வேலைநிறுத்தமும் அங்கே அடிக்கடி வரும். அப்போதும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடியே தீர வேண்டும். முந்தைய நாள் இரவு ஹோட்டலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பதுவா. நிலையத்துக்கு வெளியிலேயே டிராம் வரும். ‘சாந்தோ’ நிறுத்தத்தில் இறங்கினால் சிறிது நடைதான், அம்மாவால் முடியும். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். 1231-இல் இறந்த புனிதரின் நாக்கு, பீடத்துக்குப் பின்னால், புனிதப் பொருள்களை வைத்திருக்கும் அருளிக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்லறை இடப்பக்கம். அதன் பின்பக்கக் கல்லில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்று ஒவ்வொருவராக நகர்வார்கள். அங்கே அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம். ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும். காத்திருக்கும் டிரைவர் என்றால் மணிக்கணக்கு பார்ப்பார்.